விசா மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் 2010-இல் மின்னியல் பிரிவில் படித்து முடித்து வெளியே வந்தவன். சங்கச் செயலாளர் போன் செய்து, "வெளிநாட்டு அனுபவத்தைப் பத்திப் பேசுப்பா, பசங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். சரியென்று சொல்லிவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், உயரமான கட்டடங்களின் கதையும் சம்பளக் கதையும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். எனவே வேறொன்று சொல்கிறேன். ஒரு செக்போஸ்டில் என்னைத் திருப்பி அனுப்பிய கதை. அதையொட்டி, ஒரு நாட்டுக்குள் போவதற்கு என்னென்ன அனுமதி வேண்டும், அது எதற்காக என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். உற்சாகம் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்குப் புதிதல்ல

முதலில் நம்ம ஊர்க் கதையிலிருந்து தொடங்குகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியும் விளையும்; பெய்யாவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதான். பஸ் வருவதற்கு முன்பு நடந்தே போனார்கள். 1985-இல்தான் நாம் தனி மாவட்டம் ஆனோம்; அதற்கு முன் இராமநாதபுரம் மாவட்டம். அந்தப் பழைய மாவட்டத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் எத்தனையோ பேர். இங்கே இருக்கும் பல வீடுகளில் அப்படி ஒரு பெரியவர் இருந்திருப்பார்.

என் அப்பத்தாவின் அப்பா கண்டிப் பக்கம் போனவர். "எங்கய்யா கழுத்துல தகரத்தைக் கட்டி அனுப்புனாகளாம்" என்று அப்பத்தா சொல்லும். சிறு வயதில் எனக்கு அது புரியவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1900-களின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளிக்குத் தகரச் சீட்டு என்று ஒன்று கொடுத்தார்கள். காசு அளவில் ஒரு வட்டத் தகடு. ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் தோட்டத்தின் எண் இருக்கும். வழிச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு மண்டபம் முகாமில் நிறுத்தி, அம்மை குத்தி, சில நாட்கள் வைத்துப் பார்த்து, தனுஷ்கோடியிலிருந்து கப்பலேற்றித் தலைமன்னாருக்கு அனுப்பினார்கள்.

தோட்டத்தில் சேர்ந்த பிறகு "துண்டு" என்று இன்னொரு தாள். அவன் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கிற துரையின் தோட்டத்துக்கு மட்டுமே அவன் மாறிப் போகலாம். 1921-இல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

அந்தத் தகரமும் துண்டும் தொழிலாளியைக் காப்பாற்ற வந்தவை அல்ல. துரையின் பணத்தைக் காப்பாற்ற வந்தவை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு விஷயம். அந்தப் பெரியவர் அங்கேயே இறந்துபோனார். அவர் இருந்த தோட்டத்தின் பெயர் நூறு வருடம் கழித்து இன்றும் எங்கள் வீட்டில் தெரியும். நான் 2014-இல் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

ஒரு வாசலுக்குள் இன்னொரு வாசல்

விசா என்றால் ஒரு நாட்டின் வாசலில் கொடுக்கும் அனுமதி. அது கிடைத்துவிட்டால் அந்த நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றுதான் நாம் நினைக்கிறோம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

நம் சங்கத்து மூத்தவர்கள் சிலர் கயிலாய யாத்திரை போக ஆசைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அதையே எடுத்துக்கொள்வோம். கயிலாயம் இருப்பது திபெத்தில். சீன விசா மட்டும் கையில் வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. திபெத்துக்குத் தனி அனுமதி வேண்டும். தனி ஆளாகக் கிளம்பவும் முடியாது. அனுமதி பெற்ற ஏற்பாட்டாளர் மூலம் குழுவாகத்தான் போக வேண்டும். நம் வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் லிப்புலேக் கணவாய் வழியாகவும், 2015 முதல் நாதுலா வழியாகவும் யாத்திரை நடத்தியது. 2020-இல் நின்றுபோனது 2025-இல்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் ஐந்து வருடம், எவ்வளவு பக்தி இருந்தாலும் அந்த வழிகளில் கதவு அடைத்தே கிடந்தது.

நம் நாட்டுக்குள்ளேயே இப்படி உண்டு. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் போக இந்தியர்களாகிய நமக்கே உள்ளெல்லை அனுமதி வேண்டும். 2019 டிசம்பரில் மணிப்பூரையும் அதில் சேர்த்தார்கள்.

இது உள்ளே விடுகிறவர்கள் போடும் கட்டுப்பாடு. வெளியே விடுகிற நம் அரசும் சில நேரம் கட்டுப்பாடு போடும். ஏமனில் சண்டை முற்றியபோது, 2017-இல் நம் அரசு அங்கே போவதற்குத் தடை போட்டது. கேரளத்துச் செவிலியர் ஒருவர் அங்கே மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். மகளைப் பார்க்கப் போக அவருடைய தாயார் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில்தான் போக முடிந்தது. ஈராக்கும் இப்படித்தான். 2004-இல் நம் லாரி டிரைவர்கள் மூன்று பேரைக் கடத்தினார்கள். அதன்பின் ஈராக்குக்கு வேலைக்குப் போவதைத் தடை செய்தார்கள். 2010-இல் தடை நீங்கியது. அதற்குப் பிறகு போனவர்களில் நானும் ஒருவன்.

செக்போஸ்ட்

படித்து முடித்து மூன்று வருடம் கோயம்புத்தூரில் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் வேலை பார்த்தேன். அக்கா கல்யாணக் கடன் இருந்தது. அப்பாவுக்குத் தறி வேலை. கூலி உங்களுக்கே தெரியும். ஒரு ஏஜெண்ட் எண்பத்தைந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஈராக்கில் எர்பில் என்ற ஊரில் வேலை என்று சொல்லி அனுப்பினார். ஜெனரேட்டர் பேனல்களை இணைத்து ஓட்டிக் காட்டுகிற வேலை. 2014 ஏப்ரல் கடைசியில் போய் இறங்கினேன்.

எர்பில் குர்திஸ்தான் பகுதியின் தலைநகரம். ஈராக்குக்குள் தனி அரசாங்கம், தனிக் காவல் படை. அந்த நாட்களில் எர்பிலில் கொடுத்த விசா குர்திஸ்தான் பகுதிக்கு மட்டும்தான் செல்லும். ஈராக்கின் மற்ற பகுதிக்குப் போக பாக்தாத் அரசின் விசா தனியாக வேண்டும். என் பாஸ்போர்ட்டில் குத்தியிருந்தது எர்பில் விசா. நான் அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. விசா இருக்கிறது, வேலை இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விதிகள் பின்னால் மாறின. நான் சொல்வது 2014 நிலவரம்.

மூன்று வாரம் கழித்து சைட் மேனேஜர் கூப்பிட்டு, "மோசுல்ல ரெண்டு பேனல் நிக்குது, போய் ஓட்டிக் குடுத்துட்டு வா, பத்து நாள் வேலை" என்றார். எர்பிலிலிருந்து மோசுல் எண்பது, எண்பத்தைந்து கிலோமீட்டர். நமக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம்கூட இல்லை. அங்கே தங்கினால் ஒரு நாளைக்கு இருபத்தைந்து டாலர் கூடுதல் படி. பத்து நாளைக்கு 250 டாலர் என்று கணக்குப் போட்டுக்கொண்டே காரில் ஏறினேன்.

வழியில் ஒரு செக்போஸ்ட். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். விசாவின் மேல் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். டிரைவர் இறங்கிப் போய் என்னவெல்லாமோ பேசினார், சிகரெட் நீட்டினார். அவர் வாங்கவில்லை. பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியைக் காட்டினார். திரும்பி வந்தோம். மேனேஜர் என்னைத்தான் திட்டினார். பாக்தாத் விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், வர நாளாகும், அதுவரை எர்பிலிலேயே இரு என்றார்கள். எனக்கு அந்த செக்போஸ்ட்காரர் மேல் அப்படி ஒரு எரிச்சல். இருநூற்றைம்பது டாலரைக் கெடுத்துவிட்டானே என்று இரண்டு நாள் புலம்பினேன்.

அந்த விசா வரவே இல்லை. 2014 ஜூன் 10-ஆம் தேதி ஐ.எஸ். தீவிரவாதிகள் மோசுல் நகரத்தைப் பிடித்தார்கள். நான் திரும்பி வந்த அதே ரோட்டில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் எர்பிலை நோக்கி வந்தார்கள். சமையல் பாத்திரத்தோடும் பாயோடும் கைப்பிள்ளையோடும் வந்தார்கள்.

மோசுலில் கட்டட வேலை பார்த்த நம் நாட்டுக்காரர்கள் நாற்பது பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் தப்பினார். மற்ற 39 பேரும் கொல்லப்பட்டார்கள் என்பதை 2018 மார்ச் 20 அன்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நான்கு வருடம் அந்தக் குடும்பங்கள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமலேயே காத்துக் கிடந்தன. திக்ரித் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்ட 46 நர்சுகளுக்கு நல்ல காலம் இருந்தது. அவர்களில் தூத்துக்குடிப் பெண் ஒருவரும் உண்டு. விடுவிக்கப்பட்டு எர்பில் வழியாகத்தான் 2014 ஜூலை 5 அன்று கொச்சி வந்து சேர்ந்தார்கள்.

விசா இல்லாததால் நான் பிழைத்தேன், ஆகவே விசா ஒரு தெய்வம் என்று சொல்ல வரவில்லை. மோசுலில் மாட்டியவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்? நான் பிழைத்தது என் புத்திசாலித்தனத்தால் அல்ல. என் பாஸ்போர்ட்டை நானே வாசிக்காதபோது, யாரோ ஒரு மனிதர் பொறுமையாக வாசித்தார். அவ்வளவுதான்.

அப்பாவின் நோட்டு

உண்மையில் நான் வெட்கப்படுகிற கதை இனிமேல்தான் வருகிறது.

வீட்டில் நான் "துபாய்ப் பக்கம் வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஈராக் என்று சொன்னால் அம்மா விடமாட்டார்கள். பிறகு ஒரு நாள் அக்காவிடம் மட்டும் வாய் தவறி எர்பில் என்று சொன்னேன். ஜூன் மாதம் டிவியில் செய்தி வந்தபோது அக்கா அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த இரண்டு நாள் என் போன் கிடைக்கவில்லை. டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் கட்டுப்பாட்டு அறை திறந்திருந்தது. எர்பிலில் அப்போது நமக்குத் துணைத் தூதரகம் கிடையாது. அது 2016-இல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் பாக்தாத்தைத்தான் கேட்க வேண்டும்.

அப்பா தறியை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். "பையன் பாஸ்போர்ட் நம்பர் என்ன?" தெரியாது. "கம்பெனி பேரு?" தெரியாது. "எந்த ஊர்ல வேலை?" "எர்பில்னு சொன்னான்யா, ஆனா துபாய்ன்னும் சொன்னான்." "என்ன விசா?" அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அனுப்புன ஏஜெண்ட் யாரு?" தெரியாது. எழுத வந்தவர் பேனாவை மூடிவிட்டு, "என்னன்னு எழுதுறது பெரியவரே?" என்றாராம்.

என் அப்பா நூல் கணக்கில் கால் பலம் விடமாட்டார். எந்தப் பாவு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை சேலை இறங்கியது, எவ்வளவு கூலி பாக்கி, எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். முப்பது வருட நோட்டு வீட்டில் இருந்தது. சொந்த மகனைப் பற்றி எழுத அவரிடம் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைக் கொடுக்காமல் போனவன் நான்.

மூன்றாம் நாள் போன் கிடைத்தது. அம்மா முதலில் கேட்டது, "ஏய்யா, நீ இப்ப எங்க இருக்க? நெசமாச் சொல்லு" என்பதுதான். அப்பா போனை வாங்கி அழவில்லை, திட்டவில்லை. "நம்பரைச் சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார். பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி பெயர், ஊர், விசாத் தேதி, மேனேஜர் போன் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு நூல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அப்பா இப்போது இல்லை. அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

நம்மை யாரும் கேட்பதில்லை

இதில் நம்மைப் போல் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக 1983-இல் குடியேற்றச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, ஈராக் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடியேற்றப் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வாங்க வேண்டும். வேலை கொடுப்பவர் யார், ஒப்பந்தம் எங்கே, சம்பளம் எவ்வளவு, ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று பார்ப்பார்கள். இன்ஷூரன்சும் கட்டாயம்.

பத்தாவது தேறியவர்களுக்கு இது தேவையில்லை. நாம் எஞ்சினியர்கள். நம்மை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஏர்போர்ட்டில் நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். நான் அதைப் பெருமையாக நினைத்தேன். பந்தல்குடிப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்குச் சவூதி போன என் பால்ய நண்பன், எட்டாவதோடு நின்றவன். அவன் அனுமதிக்காக அலைந்தபோது நான் சிரித்திருக்கிறேன். ஆனால் 2014 ஜூனில் அவன் எங்கே, யாரிடம் வேலை செய்கிறான் என்பது ஒரு அரசாங்கப் பதிவில் இருந்தது. நான் எங்கேயும் இல்லை.

2018 நவம்பரில் அரசாங்கம், படித்தவர்களும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், 2019 ஜனவரி 1 முதல் இது கட்டாயம் என்று அறிவித்தது. பலத்த எதிர்ப்பு வந்தது. கட்டாயத்தை நிறுத்தி வைத்தார்கள். எதிர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. புதிதாக ஒரு தாள் என்றால் புதிதாக ஒரு அலைச்சல் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அரசாங்கம் கேட்காவிட்டால் அந்தக் கேள்விகளை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

இது ஏதோ பழைய ஈராக் கதை என்று தம்பிகள் நினைக்கலாம். இப்போது உங்களைத் தேடி வருவது வேறு மாதிரி வேலை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டைப்பிங் வேகம் இருந்தால் போதும், சாப்பாடு, தங்குமிடம் இலவசம் என்பார்கள். தாய்லாந்துக்கு விசா ஒரு பிரச்சினையே இல்லை. முன்பு ஏர்போர்ட்டிலேயே கொடுத்தார்கள். 2023 நவம்பரில் விசா இல்லாமலே வரலாம் என்றார்கள். அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான வசதி. வேலை செய்ய விசாவும் வேலை அனுமதியும் தனி.

பாங்காக்கில் இறங்கியவர்களைக் காரில் ஏற்றி மே சொட் என்ற எல்லையூருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மோய் என்று ஒரு ஆறு. அந்தக் கரை மியான்மர், ஊர் பெயர் மியாவாடி. ஆயுதக் குழுக்கள் கையில் இருக்கும் பகுதி அது. இரவில் ஆற்றைத் தாண்டினால் மியான்மர் விசா கிடையாது, தாய்லாந்தை விட்டு வெளியேறிய முத்திரையும் கிடையாது. காகிதத்தில் நீங்கள் இன்னும் பாங்காக்கில் இருக்கிறீர்கள். உடம்பு மட்டும் வேறு நாட்டில் இருக்கிறது. அங்கே வேலை, இணையத்தில் ஊர் உலகத்தை ஏமாற்றுவது. மறுத்தால் அடி, ஷாக்.

2022 அக்டோபர் முதல் வாரம் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னையில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் நம்மைப் போல் படித்த பிள்ளைகள். 2025 மார்ச்சில் நம் விமானப்படை விமானங்கள் மே சொட் போய், இரண்டே நாளில் 549 இந்தியர்களைக் கூட்டி வந்தன. தப்பித்து வந்தாலும், அனுமதி இல்லாமல் எல்லை தாண்டியவர்கள் என்று தாய்லாந்துக் காவலில் இருக்க வேண்டியவர்களும் உண்டு. அடிபட்டவன் மேலேயே வழக்கு.

சென்ற வருடம் நம் கல்லூரியிலிருந்து வெளியே வந்த தம்பி ஒருவன் எனக்குப் போன் செய்தான். பெயர் வேண்டாம். "அண்ணே, தாய்லாந்துல வேலை, மாசம் எண்பதாயிரம், டிக்கெட் அவங்களே போடுறாங்க" என்றான். "எந்த ஊருப்பா?" என்றேன். வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டு, "மே சொட்டுன்னு போட்டிருக்குண்ணே" என்றான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. போகாதே என்று சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க மட்டும் வெளிநாடு போயி வீடு கட்டிட்டீங்க, நாங்க போகக் கூடாதாண்ணே?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். பிறகு நான் போகாதே என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "கம்பெனி முகவரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் வேலை விசாவும் அனுப்பச் சொல்லு, வந்தா நானே உன்னை ஏர்போர்ட்டுல கொண்டுவந்து விடுறேன்" என்றேன். அவன் கேட்டான். இரண்டு நாள் இழுத்தார்கள். மூன்றாம் நாள் அந்த நம்பரே இல்லை. தம்பி இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். சம்பளம் குறைவுதான். என் மேல் அவனுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இருக்கட்டும். வருத்தப்பட ஆள் இங்கே இருக்கிறான்.

போகும்முன் கேட்க வேண்டியவை

தம்பி தங்கையரே, போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டாம் என்று சொல்ல நம் கரிசல் மண்ணில் யாருக்கும் உரிமை இல்லை. இங்கே மழை யாருக்கும் உறுதி கொடுத்ததில்லை. போங்கள். போகும்முன் இதைக் கேளுங்கள்.

ஒன்று, விசாவை வாசியுங்கள். அது சுற்றுலா விசாவா, வேலை விசாவா? எத்தனை நாள்? நாடு முழுவதற்குமா, ஒரு பகுதிக்கு மட்டுமா? சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இரண்டு, வேலை செய்யும் ஊரை வரைபடத்தில் பாருங்கள். நாட்டின் பெயர் போதாது. எல்லையோரமா, சண்டை நடக்கும் பகுதியா என்று பாருங்கள். வெளியுறவு அமைச்சகமும் தூதரகங்களும் எச்சரிக்கை வெளியிடுகின்றன. கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். நான் இன்று சொன்னதுகூட நாளைக்கு மாறலாம்.

மூன்று, ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்கு முப்பதாயிரம் ரூபாயும் அதற்கு உண்டான வரியும்தான் வாங்கலாம் என்பது அரசின் வரையறை. நான் கொடுத்தது எண்பத்தைந்தாயிரம், ரசீதுகூட வாங்கவில்லை.

நான்கு, அங்கே போன பிறகு வேறு ஊருக்குப் போகச் சொன்னால், அந்த ஊருக்கு என் விசா செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதல் படியைக் கணக்குப் போடுவது அதற்குப் பிறகு.

ஐந்து, பாஸ்போர்ட்டும் ஒப்பந்தமும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். அம்மா பயப்படுவார்கள் என்று மறைக்காதீர்கள். தெரிந்துகொண்டு பயப்படுவது வேறு. என்ன என்றே தெரியாமல் ஒரு மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்பது வேறு.

ஒரு வேண்டுகோள்

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் மலரில் யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையாகப் பட்டியல் போடுகிறோம். அதோடு ஒரு பதிவேடும் வைப்போம். நம் கல்லூரியிலிருந்து வெளிநாடு போகிற ஒவ்வொருவரும் தன் பெயர், பாஸ்போர்ட் எண், கம்பெனி, ஊர், விசா வகை, வீட்டுப் போன் ஆகிய ஆறையும் எழுதிக் கொடுக்கட்டும். அது சங்க அலுவலகத்தில் பூட்டிய பீரோவில் இருக்கட்டும். ஆபத்து வந்தால் மட்டும் எடுத்தால் போதும். அந்தந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கும் நம் மூத்த மாணவர் ஒருவர், புதிதாகப் போகிறவரின் ஒப்பந்தத்தை ஒரு முறை வாசித்துப் பார்க்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, கொஞ்சம் அக்கறை.

அந்த நோட்டை நானே வாங்கி வந்திருக்கிறேன். அப்பா நூல் கணக்கு எழுதிய அதே நீள நோட்டுத்தான். பஜாரில் இன்னும் கிடைக்கிறது. அடுத்த மாதம் நான் வேலை விஷயமாக மறுபடி வெளிநாடு போகிறேன். முதல் பக்கத்தில் முதல் வரியாக என் விவரத்தை எழுதிவிட்டேன். செயலாளர் அவர்கள் மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.